கால் நூற்றாண்டு வாய் திறக்காத கமாண்டோ

இரண்டாம் உலகப்போர் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹிட்லர், பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா. கொஞ்சம் அதிகம் படித்தவர்கள் ஸ்டாலின்கிராட், நார்மண்டி என்பார்கள். வெமோர்க் என்ற பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

வெமோர்க் என்பது நார்வே நாட்டில் ஒரு மலை இடுக்கில் இருந்த தொழிற்சாலை. 1943 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, ஒன்பது பேர் அங்கே போனார்கள். அடித்தளத்தில் இருந்த 18 இரும்புக் கலன்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். திரும்பி வந்தார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டுகூட சுடப்படவில்லை. இரு தரப்பிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

அந்தக் குழுவின் தலைவருக்கு அப்போது வயது 23. பெயர் யோவாகிம் ரோன்னெபர்க். போர் முடிந்ததும் சொந்த ஊரான ஓலெசுண்டுக்குத் திரும்பி, 1948-ல் நார்வே வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். பேசுவதுதான் அவருக்குத் தொழில். ஆனால் இந்தச் சம்பவத்தைப் பற்றி மட்டும் 1970-கள் வரை அவர் அதிகம் பேசவே இல்லை. பிறகு பேச ஆரம்பித்தார். அதுவும் குறிப்பாக இளைஞர்களிடம்.

ஏன் அவ்வளவு காலம் மௌனம்? பிறகு ஏன் பேச்சு? இதைப் புரிந்துகொள்ள முதலில் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனநீர் என்றால் என்ன?

சாதாரணத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,400-க்கு ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு எடை கொண்டது. இதற்கு டியூட்ரியம் என்று பெயர். அமெரிக்க வேதியியலாளர் ஹரால்ட் யூரே 1931-ல் இதைக் கண்டுபிடித்தார், 1934-ல் நோபல் பரிசும் பெற்றார். டியூட்ரியம் கொண்ட தண்ணீர்தான் கனநீர். பார்க்க சாதாரணத் தண்ணீர் போலவே இருக்கும். எடை மட்டும் சுமார் பத்து சதவீதம் கூடுதல்.

இதனால் என்ன பயன்? அணு உலையில் யுரேனியம் பிளவுபடும்போது வெளிவரும் நியூட்ரான்கள் மிக வேகமாக ஓடும். அவற்றின் வேகத்தைக் குறைத்தால்தான் தொடர்வினை நடக்கும். வேகத்தைக் குறைக்க இரண்டு பொருட்கள் கைகொடுக்கும். ஒன்று மிகச் சுத்தமான கிராஃபைட், இன்னொன்று கனநீர். அமெரிக்காவில் என்ரிக்கோ ஃபெர்மி 1942 டிசம்பரில் கிராஃபைட்டை வைத்தே வெற்றி பெற்றார். ஜெர்மனியிலோ கிராஃபைட் பயன்படாது என்று ஒரு சோதனை காட்டியது. அந்தச் சோதனை தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆக ஜெர்மானிய விஞ்ஞானிகள் கனநீரையே நம்பினார்கள்.

அந்தக் கனநீரைப் பெரிய அளவில் தயாரித்த ஒரே இடம் ஐரோப்பாவில் வெமோர்க்தான். நார்ஸ்க் ஹைட்ரோ என்ற நிறுவனம் அங்கே நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து உரம் தயாரித்து வந்தது. அந்த வேலையின் துணைப் பொருளாக 1934 முதல் கனநீரும் கிடைத்தது. 1940 ஏப்ரல் 9-ந் தேதி ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. தொழிற்சாலையும் அவர்கள் கைக்குப் போனது. உற்பத்தியைக் கூட்டும்படி உத்தரவு வந்தது.

படகில் தப்பிய இளைஞன்

ரோன்னெபர்க் பிறந்தது 1919-ல். நாடு பிடிபட்டபோது இருபது வயது. 1941-ல் நண்பர்களுடன் ஒரு மீன்பிடிப் படகில் வட கடலைக் கடந்து பிரிட்டனுக்குத் தப்பினார். அங்கே எதிரி மண்ணில் நாசவேலை செய்வதற்கென்றே சர்ச்சில் அரசு ஒரு ரகசிய அமைப்பை நடத்தி வந்தது. எஸ்.ஓ.இ. என்பது அதன் பெயர். அதன் கீழ் இயங்கிய நார்வேஜியப் படைப்பிரிவான லிங்கே கம்பெனியில் ரோன்னெபர்க் சேர்ந்தார். முன்பு ராணுவத்தில் இருந்தவர் அல்ல. ஆனாலும் சீக்கிரமே மற்றவர்களுக்குப் பயிற்சி தரும் அளவுக்கு வளர்ந்தார்.

வெமோர்க்கைத் தகர்க்க முதலில் அனுப்பப்பட்டது அவர் அல்ல. 1942 அக்டோபரில் நான்கு நார்வேஜியர்கள் பாராசூட் மூலம் ஹர்டாங்கர்விட்டா என்ற பனிப் பீடபூமியில் இறங்கினார்கள். அவர்கள் வழிகாட்ட, பிரிட்டிஷ் வீரர்கள் கிளைடர்களில் வந்து இறங்கித் தாக்குவது என்பது திட்டம். நவம்பர் 19-ந் தேதி இரண்டு கிளைடர்கள் கிளம்பின. மோசமான வானிலையில் இரண்டுமே விழுந்து நொறுங்கின. இழுத்து வந்த விமானங்களில் ஒன்றும் மலையில் மோதியது. விபத்தில் பிழைத்தவர்களை, சீருடையில் இருந்த போர்க்கைதிகள் என்றும் பாராமல், ஹிட்லரின் உத்தரவுப்படி ஜெர்மானியர் கொன்றார்கள். மொத்தம் 41 பேர் பலி. போதாததற்கு, இலக்கு வெமோர்க்தான் என்பதும் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. காவல் பலப்படுத்தப்பட்டது. பாலத்தில் காவலர்கள், மலைச் சரிவில் கண்ணிவெடிகள்!

இந்தத் தோல்விக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் ரோன்னெபர்க். ஐந்து பேரை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். க்னூட் ஹவுகெலிட், பிர்கர் ஸ்ட்ரோம்ஸ்ஹெய்ம், ஃபிரெட்ரிக் கைசர், காஸ்பர் இட்லாண்ட், ஹன்ஸ் ஸ்டோர்ஹவுக். லைஃப் ட்ரோன்ஸ்டாட் என்ற நார்வேஜிய வேதியியல் பேராசிரியர் திட்டத்தை விளக்கினார். அந்தத் தொழிற்சாலையின் கனநீர்ப் பிரிவை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. கலன்களின் மாதிரியை அப்படியே செய்து வைத்து, இருட்டிலும் கை தவறாமல் வெடி பொருத்தும்வரை பயிற்சி நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சயனைடு மாத்திரை தரப்பட்டது. உயிரோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தக் கிளைடர் வீரர்களின் முடிவு காட்டியிருந்தது.

கனநீர் எதற்குப் பயன்படும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முக்கியமானது, அழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பனியில் பசி

முதலில் போன நால்வர் என்ன ஆனார்கள்? யென்ஸ் ஆன்டன் பவுல்சன் தலைமையில் அவர்கள் பீடபூமியிலேயே பதுங்கிக் கிடந்தார்கள். கொண்டுபோன உணவு தீர்ந்தது. பனிக்கு அடியில் இருக்கும் பாசியைத் தோண்டி எடுத்து வேகவைத்துத் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் பவுல்சன் ஒரு ரெயின்டீர் மானைச் சுட்டு வீழ்த்தினார். எதையும் வீணாக்கவில்லை. மானின் வயிற்றில் பாதி செரித்துக் கிடந்த பாசியைக்கூடச் சாப்பிட்டார்கள். அவர்கள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியது அப்படித்தான்.

1943 பிப்ரவரி 16-ந் தேதி இரவு ரோன்னெபர்க்கின் ஆறு பேரும் குதித்தார்கள். இறங்கியதும் பனிப்புயல். பல நாட்கள் ஒரு வேட்டைக் குடிசையில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. புயல் ஓய்ந்த நேரத்தில் ஒரு புதுப் பிரச்சனை வந்தது. திருட்டுத்தனமாக மான் வேட்டையாடும் ஒருவன் அவர்களைப் பார்த்துவிட்டான். விசாரித்தபோது, தான் நாஜி சார்புக் கட்சியை ஆதரிப்பவன் என்று வேறு சொல்லிவைத்தான். யாரிடம் மாட்டியிருக்கிறோம் என்று புரியாமல், பயத்தில் சொன்ன பதில் அது.

அவனைச் சுட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. விட்டுவிட்டால் ஒரே வார்த்தையில் எல்லோரும் காலி. முடிவெடுக்க வேண்டியவர் 23 வயது ரோன்னெபர்க். அவர் அவனைக் கொல்லவில்லை. கையில் உணவைக் கொடுத்து, எச்சரித்து அனுப்பிவிட்டார்.

சில நாட்களில் இரு குழுக்களும் சந்தித்தன. புதிதாக வந்தவர்கள் கொண்டுவந்த உணவு, பசித்துக் கிடந்தவர்களுக்கு விருந்து.

பாலமா, பள்ளத்தாக்கா?

தொழிற்சாலை இருந்தது ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில். அதற்குப் போக ஒரு தொங்கு பாலம். பாலத்துக்குக் கீழே சுமார் 200 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கு. பாலத்தில் காவல் இருக்கும் இருவரைக் கொன்றுவிட்டு நுழையலாம். ஆனால் ஜெர்மானிய வீரர்கள் செத்தால், பழிவாங்கப்படுவது பக்கத்து ஊரான ரியூகான் மக்கள். இன்னொரு வழி, பள்ளத்தாக்கில் இறங்கி உறைந்த ஆற்றைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறுவது. அது முடியாத காரியம் என்று ஜெர்மானியர் நினைத்ததால் அங்கே காவலே இல்லை.

கிளாஸ் ஹெல்பெர்க் பகலில் போய்ப் பார்த்து வந்தார். சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன. மரம் நிற்கும் இடத்தில் மனிதனும் ஏறலாம். ரோன்னெபர்க் உத்தரவு போடாமல் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். பள்ளத்தாக்கு என்று முடிவானது.

பிப்ரவரி 27 இரவு. ஒன்பது பேர் இடுப்பளவு பனியில் இறங்கினார்கள். உருக ஆரம்பித்திருந்த ஆற்றில் ஒரு பனிப்பாலத்தைக் கண்டுபிடித்துக் கடந்தார்கள். எதிர்ப்பக்கம் ஏறித் தொழிற்சாலைக்குச் செல்லும் ரயில் பாதையை அடைந்தார்கள். நள்ளிரவில் காவலர்கள் மாறும்வரை காத்திருந்தார்கள். வாசல் கதவில் சங்கிலிப் பூட்டு. அதை வெட்டியது ராணுவம் கொடுத்த கருவி அல்ல! இங்கிலாந்தில் இருந்தபோது ரோன்னெபர்க் ஒரு கடையில் தற்செயலாகப் பார்த்து வாங்கிய கத்தரி அது.

ஐந்து பேர் வெளியே காவல் நின்றார்கள். நான்கு பேர் வெடிகுண்டுடன் போனார்கள். திறந்திருக்கும் என்று நம்பிய அடித்தளக் கதவு பூட்டியிருந்தது. கேபிள்கள் செல்லும் குறுகிய சுரங்கவழி ஒன்று இருந்தது. ரோன்னெபர்க்கும் கைசரும் அதற்குள் ஊர்ந்து உள்ளே நுழைந்தார்கள். அங்கே இருந்தது நார்வேஜியக் காவலாளி ஒருவர். கைசர் துப்பாக்கியை நீட்டி அவரை நிறுத்த, ரோன்னெபர்க் ஒவ்வொரு கலனிலும் வெடியைப் பொருத்தினார். மற்ற இருவரும் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

திரியைப் பற்றவைக்கும் நேரத்தில் அந்தக் காவலாளி ஒரு வேண்டுகோள் வைத்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை, போர்க்காலத்தில் இன்னொன்று வாங்க முடியாது என்றார். எந்த நொடியும் ஜெர்மானியர் வரலாம். ஆனாலும் ரோன்னெபர்க் தேடினார். கண்ணாடிக் கூடு கிடைத்தது, கொடுத்தார். திறந்து பார்த்தால் கூடு காலி! மறுபடியும் தேடிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார்.

திட்டப்படி இரண்டு நிமிடத் திரி. யாராவது வந்து அணைத்துவிடலாம் என்று பயந்து அரை நிமிடத் திரியைப் பொருத்தினார். பிரிட்டிஷ் துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே அங்கே போட்டுவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வெளியாட்கள், உள்ளூர் மக்களைத் தண்டிக்காதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. ஓடி வெளியே சில அடி போவதற்குள் வெடித்தது. தடித்த சுவர்கள் காரணமாகச் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு ஜெர்மானிய வீரன் டார்ச் விளக்குடன் வெளியே வந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டான். சுமார் 500 கிலோ கனநீர் சாக்கடையில் ஓடியது.

ஆயிரக்கணக்கான வீரர்கள் தேடினார்கள். ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சிக்கவில்லை. ரோன்னெபர்க் உட்பட ஐந்து பேர் பிரிட்டிஷ் சீருடையிலேயே சுமார் 400 கிலோமீட்டர் பனிச்சறுக்கு மட்டைகளில் சென்று ஸ்வீடனை அடைந்தார்கள். நார்வேயின் ஜெர்மானியத் தளபதி ஃபால்கன்ஹோர்ஸ்ட் சேதத்தை நேரில் பார்த்துவிட்டு, இந்தப் போரில் தான் கண்ட மிகச் சிறந்த தாக்குதல் இது என்று பாராட்டியதாகச் சொல்வார்கள்.

கதை அங்கே முடியவில்லை

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம். வரலாற்றில் அப்படி முடியவில்லை. சில மாதங்களிலேயே ஜெர்மானியர் கலன்களைச் சரிசெய்து உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள்.

1943 நவம்பர் 16-ந் தேதி அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான குண்டுகளை வீசின. கனநீர்க் கலன்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் பத்திரமாக இருந்தன. செத்தது இருபதுக்கும் மேற்பட்ட நார்வேஜியப் பொதுமக்கள். இருந்தாலும் இனி இங்கே வேலை நடக்காது என்று முடிவு செய்த ஜெர்மானியர், இருந்த கனநீரை ஜெர்மனிக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். அதற்கு டின் ஏரியைப் படகில் கடக்க வேண்டும். அது பொதுமக்கள் போய்வரும் பயணிகள் படகு.

ரோன்னெபர்க்குடன் குதித்த ஹவுகெலிட் நார்வேயிலேயே தங்கியிருந்தார். இந்தப் படகை மூழ்கடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. இத்தனை உயிர்களைப் பலி கொடுக்கும் அளவுக்கு இது அவசியமா என்று லண்டனுக்குக் கேள்வி அனுப்பப்பட்டது. அவசியம் என்று பதில் வந்தது. கூட்டம் குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அலாரம் கடிகாரங்களை இணைத்து வெடி தயாரானது. 1944 பிப்ரவரி 20-ந் தேதி காலை, ஏரியின் ஆழமான பகுதியில் படகு மூழ்கியது. 18 பேர் பலி. அதில் 14 பேர் நார்வேஜியர்கள். முன்கூட்டியே எச்சரித்தால் ரகசியம் போய்விடும். ஆகவே யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை.

கணக்கு எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது. ஒரே இலக்குக்காக கிளைடர் தாக்குதலில் 41 பேர், விமானத் தாக்குதலில் இருபதுக்கும் மேல், படகில் 18 பேர். ரோன்னெபர்க்கின் பக்கத்தில் மட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு ரோன்னெபர்க் குழுவின் திறமை பெரிய காரணம். பாலத்தை விட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கியது, வேட்டைக்காரனை விட்டது, துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்தது எல்லாமே உயிர்களை மனதில் வைத்து எடுத்த முடிவுகள். ஆனால் அதிர்ஷ்டமும் காரணம்தான். டார்ச்சுடன் வந்த அந்த வீரன் இன்னும் பத்து அடி நடந்திருந்தால் இந்தக் கதையே வேறு. படகு விஷயத்தில் ஹவுகெலிட்டுக்கு அப்படி ஒரு பள்ளத்தாக்கு வழி கிடைக்கவில்லை.

இவ்வளவு இழப்புக்கும் பலன் உண்டா? இது இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கும் கேள்வி. அணுகுண்டைப் பெரிய அளவில் முயல்வதில்லை என்று ஜெர்மானிய அரசு 1942 நடுவிலேயே கைவிட்டுவிட்டது, அவர்களிடம் இயங்கும் உலைகூடக் கடைசிவரை இல்லை என்பது ஒரு பக்கம். அது அப்போது லண்டனுக்குத் தெரியாது, தெரியாத நிலையில் சும்மா இருந்திருக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். பனியில் நின்றவர்களுக்கோ இந்த இரண்டு பக்கமுமே தெரியாது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா செய்தி வந்த பிறகுதான், தான் எதைத் தடுக்கப் போனோம் என்பது ரோன்னெபர்க்குக்குப் புரிந்தது. நாங்கள் தோற்று, ஜெர்மனி ஜெயித்திருந்தால் லண்டனுக்கும் அந்தக் கதி வந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு.

மௌனமும் பேச்சும்

ரகசியம் காரணமாக அவர் பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. 1948-லேயே இந்தக் கதை சினிமாவாக வந்துவிட்டது. குழுவினர் சிலர் தங்கள் பாத்திரத்தில் தாங்களே நடித்தார்கள். 1965-ல் கிர்க் டக்ளஸை வைத்து ஹாலிவுட்டும் ஒரு படம் எடுத்தது. துப்பாக்கிச் சண்டைகள் நிறைந்த படம். ஒரு குண்டுகூடச் சுடாமல் முடிந்த வேலைக்கு அப்படி ஒரு படம்!

உலகமே அந்தக் கதையைப் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அதை நடத்தியவர் ஒரு சிறிய ஊரின் வானொலி நிலையத்தில் தினமும் செய்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பின் பல நாடுகளில் பல வீரர்கள் இப்படித்தான் இருந்தார்கள். சொந்த வீட்டிலேயே பேசாதவர்கள் உண்டு.

1970-களுக்குப் பின் அவர் பேச ஆரம்பித்தபோது கேட்டவர்கள் ஒரு புதிய தலைமுறை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பைப் பார்க்காதவர்கள், சுதந்திரம் என்பது காற்றுபோலத் தானாகக் கிடைப்பது என்று நினைத்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி ஒன்றுதான். சமாதானமும் சுதந்திரமும் எளிதில் உடையக்கூடியவை, தினமும் கவனமாகக் காப்பாற்ற வேண்டியவை. இன்னொரு போர் வராமல் இருக்க, போன போர் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கருத்து.

வெடி வெடித்த கதையைக் கேட்க ஆசையோடு வந்தவர்களுக்கு அவர் சொன்ன கதையில் மூக்குக்கண்ணாடி தேடியதும், கடையில் வாங்கிய கத்தரியும் வரும். தன் ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது வரும். வீரம் என்ற சொல்லை அவர் தன்மேல் ஏற்றிக்கொண்டதில்லை.

2012-ல் ஸ்ட்ரோம்ஸ்ஹெய்ம் தன் 101-வது வயதில் இறந்தார். அந்த இரவில் போனவர்களில் கடைசியாக மிஞ்சியவர் ரோன்னெபர்க். 2014-ல் ஓலெசுண்டில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2018 அக்டோபர் 21-ந் தேதி 99 வயதில் அவர் காலமானார். நேரில் கண்டதைச் சொல்ல இனி யாரும் இல்லை.

வெமோர்க் இன்று ஓர் அருங்காட்சியகம். அந்தத் தொங்கு பாலத்தின்மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவில் நின்று கீழே எட்டிப் பார்ப்பவர்களுக்கு, இரண்டு காவலர்களையும் ஓர் ஊரையும் சாகவிடக்கூடாது என்பதற்காக ஒன்பது பேர் தேர்ந்தெடுத்த அந்தப் பள்ளம் தெரியும்.